நாலு வாரம் அண்ணன்

அவர் நல்லவர் என்று நிரூபிப்பதற்காக இதை எழுதவில்லை. நல்லவர், நல்லவர் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லித்தான் அந்த மனிதரைப் பேச விடாமல் செய்தோம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் மகப்பேறு, மகளிர் மருத்துவத் துறையின் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டை விட்டு இறங்கினால் இடது பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குப் பின்னால் இரண்டு மேசைகள். ஒன்றில் நான் உட்கார்ந்து பிறப்பு விவரங்களையும் டிஸ்சார்ஜ் கோப்புகளையும் பார்ப்பேன். ஜன்னலை ஒட்டிய மேசை அவருடையது. வெளிக் கல்லூரி மாணவர்கள் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் அவர் தலையில்தான்.

வெளி மாணவர்கள் என்றால், வேறு ஊர்க் கல்லூரிகளில் கடைசி வருடம் படிப்பவர்கள். தாங்களாகவே விருப்பப்பட்டு எங்கள் துறைக்கு நாலு வாரம் வந்து, பிரசவ வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நின்று வேலை கற்றுக்கொள்வார்கள். போகும்போது துறைத்தலைவி ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். பிற்பாடு மகப்பேறு டாக்டராக மேற்படிப்புக்கு இடம் தேடும்போது அந்தக் கடிதத்துக்குத் தனி மரியாதை. அதற்காகவே உயிரை விட்டுக்கொண்டு வருவார்கள். வந்து இறங்கும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஈயாடாது. தங்க இடம் சரியில்லை, சீனியர்கள் திட்டுகிறார்கள், பிரசவ வார்டில் யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்று அந்த ஜன்னலில் வந்து நின்று கண் கலங்குவார்கள்.

"நாலு வாரந்தானே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்பார் அவர். எல்லாருக்கும் அதே மருந்து. அதனால் மாணவர்கள் அவருக்கு நாலு வாரம் அண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர்கள்கூட "நாலு வாரம் எங்கப்பா போனாரு?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு வருத்தம் கிடையாது. "நல்லவேளை, நாலு நாள்னு வைக்கல" என்பார்.

இருபத்திரண்டு வயதில் இதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவராகச் சேர்ந்தவர். லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டச்சுப் பாடப் புத்தகத்தை மடியில் வைத்து வெறும் விரலால் தட்டிப் பழகியிருக்கிறார். எந்த மாடி என்று கேட்டால் விரல் நிற்காமலே பதில் சொல்வாராம். பரீட்சை எழுதித் தேறி, முப்பத்தொன்றில் இந்த மேசைக்கு வந்தார். பதினெட்டு வருடம் இதே நாற்காலி. அதன் குஷன் அவர் உடம்பு வாகுக்கே குழிந்து போயிருந்தது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் மனைவிக்கு மூன்று முறை தங்கி, மூன்றும் ஐந்தாறு மாதத்தில் கலைந்து போயின, இதே துறையில், இதே டாக்டர்கள் கையில். அதற்குப் பிறகு அவர் பிரசவ வார்டு வழியாக நடந்து நான் பார்த்ததில்லை. தியேட்டருக்குக் கோப்பு கொண்டு போக வேண்டுமென்றால் கீழே இறங்கி, கேன்டீனைச் சுற்றி, பின்பக்கப் படியில் ஏறிப் போவார். ஒரு நாள் நான் வாய்க்கொழுப்பில், "ஏண்ணா, இப்படி ஊர்வலம் போறீங்க?" என்று கேட்டேன். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரும்மா, சுகர்" என்றார். விஷயம் தெரிந்த பிறகு என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

பிள்ளை இல்லாதவர், மாணவர்களைப் பிள்ளைகளாகப் பார்த்தார் என்று சிலர் கதை கட்டுவார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அவர் அவர்களைக் கோப்புகளாகத்தான் பார்த்தார். தடுப்பூசிச் சான்று இருக்கிறதா, கல்லூரி முதல்வர் கையெழுத்து இருக்கிறதா, போட்டோ ஒட்டியிருக்கிறதா. ஒரு தாள் குறைந்தால்கூடச் சங்கடப்படுவார். தன்னால் ஒருவருடைய நாலு வாரத்தில் ஒரு நாள் வீணாகக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வெறி. அந்த வெறிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கெட்டது இப்படி. எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாமே கம்ப்யூட்டர். நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமென்றால் அதில்தான் பதிய வேண்டும், முடிவும் அதில்தான் வரும். வெளி மாணவர்களுக்குத் தனியாக ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கிற கம்ப்யூட்டர் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் மூன்று வாரம் ஆகும். நாலு வாரத்துக்கு வருகிறவர்களுக்கு மூன்று வாரம் கழித்துச் சாவி கொடுத்தால் என்ன பிரயோஜனம்? அண்ணன் எத்தனையோ தடவை எழுதிக் கேட்டுப் பார்த்தார். அவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. போனவர்களின் பாஸ்வேர்டை மூடுவதிலும் அதே சுறுசுறுப்புதான். வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு வாரம் முடித்துப் போகிற மாணவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒரு நீல அட்டை போட்ட நோட்டில் தன் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிவிட்டுப் போவார். புதிதாக வருகிறவருக்குச் சொந்தச் சாவி வரும்வரை அந்தப் பழைய சாவி. போகிறவர் வருகிறவருக்கு விட்டுப் போவது. இது ரகசியமும் இல்லை. துறைத்தலைவியே ஒருமுறை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணா, அந்தப் பையன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். ஏதாவது வழி பண்ணி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்திருக்கிறது. என்ன வழி என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்.

அந்தப் பெண் வந்தது ஒரு திங்கட்கிழமை. ஒல்லியாக, தோளில் தன்னைவிடப் பெரிய பையோடு வந்து நின்றாள். எங்கோ ஒரு மூலையில் இருக்கிற சின்னக் கல்லூரி. அங்கே பிரசவ வார்டே பேருக்குத்தானாம். ஐந்து வருடத்தில் மொத்தம் நாலு பிரசவம்தான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாளாம். எங்கள் துறைக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்றாவது முறைதான் இடம் கிடைத்தது.

"அண்ணா, இந்த நாலு வாரம் போச்சுன்னா எனக்கு வேற வழியே இல்ல" என்றாள். "எங்க காலேஜ் லெட்டரை வச்சு எங்கயும் மகப்பேறு சீட் தரமாட்டாங்க."

"போகாதும்மா" என்றார் அண்ணன்.

தொலைபேசி அடித்தது. ஒரு கையால் அதை எடுத்துக்கொண்டு, மறு கையால் நோட்டைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். போன வருடம் வந்து போன ஒரு மாணவனின் பெயரும் பாஸ்வேர்டும். அவன் படிப்பு முடித்து வெளிநாடே போய்விட்டான். பேச்சு முடிகிற வழியாக இல்லை. சீட்டை என் பக்கம் நீட்டினார். நான் எழுந்து போய் ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தேன்.

"பத்திரமா வச்சுக்கோம்மா. வேலை முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுடு" என்று சொன்னது நான்தான்.

"தேங்க்ஸ்க்கா" என்று சிரித்தாள்.

அவள் வேலை செய்த விதத்தை வார்டு நர்ஸ்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாளாம். வலி எடுத்துக் கத்துகிற பெண்களின் முதுகை மணிக்கணக்காகத் தேய்த்து விடுவாளாம். முதல் பிரசவத்தைத் தன் கையால் பார்த்த அன்று மூன்றாவது மாடிக்கு ஓடி வந்து, "அண்ணா, பொண்ணு. மூணு கிலோ" என்று தான் பெற்ற மாதிரி சொல்லிவிட்டு ஓடினாள். அண்ணன் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை. காலை பத்தரைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தலைப்பிள்ளை, எட்டாவது மாதம். தலைவலி, மேல்வயிற்றில் வலி, பிரஷர் கொஞ்சம் அதிகம். பார்த்த டூட்டி டாக்டர் எங்கள் மாணவியிடம், "பிளேட்லெட், லிவர் எல்லாம் அனுப்பிடு. ரிசல்ட் வந்ததும் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவசர சிசேரியனுக்குத் தியேட்டருக்குப் போனார். இவள் ரத்தம் எடுத்து, கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்பினாள். சொந்தச் சாவி இன்னும் வரவில்லை. பதிந்தது அந்தப் பழைய மாணவனின் பெயரில். கேட்ட டாக்டர் என்ற இடத்தில் அவன் பெயர்தான் ஏறியது.

பத்து நிமிடத்தில் தியேட்டரிலிருந்து ஆள் வந்தது. உதவிக்கு இன்னொரு கை வேண்டும், வா என்றார்கள். சிசேரியனில் கூட நிற்கிற முதல் வாய்ப்பு. போனாள். யார்தான் போக மாட்டார்கள்? முடிவு மோசமாக இருந்தால் லேபிலிருந்து வார்டுக்குக் கூப்பிடுவார்கள். அதுதான் இங்கே நடைமுறை.

லேபிலிருந்து கூப்பிட்டார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய பிளேட்லெட் அந்தப் பெண்ணுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இருந்தது இருபத்தெட்டாயிரம்.

"டாக்டர் இன்னார் இருக்காரா? அவர் அனுப்பின ரிசல்ட் ஒண்ணு அவசரம்" என்று கேட்டார் லேப்காரர். போனை எடுத்த நர்ஸ் புதிதாக மாற்றலாகி வந்தவர். பிரசவ வார்டில் அந்த நேரத்தில் மூன்று பேருக்கு வலி.

"அப்படி ஒரு டாக்டர் இங்க இல்லையே" என்றார்.

"உங்க வார்டுன்னுதான் போட்டிருக்கு."

"இல்லைங்க. வேற வார்டா இருக்கும், பாருங்க" என்று வைத்துவிட்டார்.

லேப்காரர் விடவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பெயருக்கு எதிரே இருந்த கைப்பேசி எண்ணுக்கு அவசரம் என்று செய்தி அனுப்பினார். அது கடல் கடந்து போய், தூங்கிக்கொண்டிருந்த ஒருவனின் தலைமாட்டில் விழுந்தது. அவன் விழித்ததும் பார்த்து, ஏதோ பழைய ஆஸ்பத்திரித் தொல்லை என்று அழித்துவிட்டானாம்.

ஒன்றே காலுக்கு அந்தப் பெண்ணுக்கு ஃபிட்ஸ் வந்தது. தியேட்டரிலிருந்து டாக்டரும் இவளும் ஓடி வந்தார்கள். குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, உயிரோடு இருந்தது. தாய்க்கு மூளையில் ரத்தக்கசிவு. நாலு மணிக்கு முடிந்துவிட்டது. இருபத்தாறு வயது.

மறுநாள் காலை ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். செத்துப்போனவளின் புருஷன். பள்ளி வேன் ஓட்டுகிறவர், சீருடைச் சட்டையோடுதான் வந்திருந்தார், மாற்றிக்கொள்ளக்கூட இல்லை. கையில் லேப் அறிக்கை.

"சார், இதுல பேர் போட்டிருக்கிற டாக்டரைப் பாக்கணும்."

அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சண்டைக்கு வரல சார்" என்றார் அந்த மனிதர். "இவர்தானே கடைசியா அவளுக்கு டெஸ்ட் எழுதினது. அவ ஏதாவது சொன்னாளான்னு கேக்கணும். என்னை வெளியவே உக்கார வச்சுட்டாங்க. கடைசியா அவகூடப் பேசினது யாருன்னே எனக்குத் தெரியல."

அண்ணன் அறிக்கையைத் திருப்பி நீட்டினார். நான்தான் எழுந்து போய், "அவர் இன்னைக்கு டூட்டியில இல்லைங்க. அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு அடுத்த நாளும் வந்தார். அப்புறம் வரவில்லை.

முதல் நாள் அவர் போனதுமே அண்ணன் என்னிடம், "நோட்டை எடுத்துட்டுப் போய் மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்" என்றார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றேன். "ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. நேரா ஜெயிலுக்கா போகப் போறீங்க? வாயை மூடிக்கிட்டு இருங்க. பெரியவங்க பாத்துப்பாங்க."

"அந்தப் பொண்ணு மாட்டிக்குவாம்மா."

"அவ நாலு வாரத்துக்கு வந்தவ, போயிடுவா. நாம இங்கதான் இருக்கணும்."

இதைச் சொன்ன வாய் இதுதான். வேறு யாருடையதும் இல்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் இழுப்பறையிலிருந்து நீல நோட்டை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பக்கம் பக்கமாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கிக் குப்பையில் கொட்டினேன். பதினெட்டு வருடத்துப் பிள்ளைகளின் கையெழுத்து. என் புருஷன் பார்த்துவிட்டு, "என்ன பண்றே?" என்றார். "பழைய கணக்கு நோட்டு" என்றேன். அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலை நிரந்தரமில்லாதது, வருடா வருடம் துறைத்தலைவி கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்பதும், சீட்டு என் கையிலிருந்துதான் போனது என்பதும் அப்போதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் அவர் இழுப்பறையைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"நோட்டைப் பாத்தியாம்மா?"

"எந்த நோட்டு?" என்றேன்.

என்னையே பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். துறைத்தலைவி, கம்ப்யூட்டர் பிரிவின் அதிகாரி, நிர்வாக அதிகாரி. மூன்று பேருக்கும் ஒரே ஒரு பதில்தான் தேவைப்பட்டது. அந்தப் பெண் வேறொருவரின் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாக எடுத்து உபயோகித்தாள் என்று இருந்துவிட்டால், துறையின் மீது தப்பில்லை, வருடக்கணக்கில் மூடாமல் விட்ட கம்ப்யூட்டர் பிரிவு பற்றிப் பேச்சில்லை, ஆஸ்பத்திரி தலை நிமிர்ந்து நடக்கலாம். வெளிநாட்டிலிருந்து அந்தப் பழைய மாணவனும், தான் யாருக்கும் பாஸ்வேர்ட் கொடுத்ததில்லை என்று எழுதி அனுப்பிவிட்டான். அவனுக்கு அவன் பாடு.

அவளைக் கேட்டபோது, "ஆபீஸ்ல குடுத்தாங்க" என்று மட்டும் சொன்னாளாம். யார் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். அண்ணனைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. நடக்கப்போவது என்ன என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. திருட்டு என்று முடிவானால் அவள் கல்லூரிக்குக் கடிதம் போகும். கல்லூரி அவளைக் கடைசிப் பரீட்சை எழுத விடாது. மகப்பேறு சீட் கிடக்கட்டும், டாக்டர் என்ற பட்டமே கிடையாது.

மூன்றாவது நாள் அண்ணன் யாரும் கூப்பிடாமலே உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது. வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்ய நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் அந்தப் பெண், மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்வேர்டை நான்தான் குடுத்தேன்" என்றார். "அந்தப் பொண்ணு எதையும் திருடல. பதினெட்டு வருஷமா இப்படித்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"அண்ணா, உங்க மனசு எங்களுக்குத் தெரியும். இந்தப் பொண்ணு மேல பரிதாபப்பட்டு எல்லாத்தையும் உங்க தலையில இழுத்துப் போட்டுக்கறீங்க."

"பரிதாபம் இல்ல மேடம். நடந்ததைச் சொல்றேன்."

"ஏதாவது எழுத்துல இருக்கா?" என்றார் நிர்வாக அதிகாரி.

"ஒரு நோட்டு இருந்துச்சு. இப்ப இல்ல."

கம்ப்யூட்டர் அதிகாரி லேசாகச் சிரித்தார். அண்ணன் துறைத்தலைவியைப் பார்த்து, "உங்களுக்கே தெரியும் மேடம்" என்றார். மேடம் தன் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். எனக்கு அந்த நிமிடம் அந்த அம்மாள் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. அடுத்த நிமிடமே நானும் அதையேதான் செய்தேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா பக்கத்து மேசை. இவங்களுக்குத் தெரியும். கேளுங்க."

நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா? இவர் யாருக்காவது பாஸ்வேர்ட் எழுதிக் குடுத்து எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

அண்ணன் என்னைக் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று இன்னொரு முறை நினைத்துக்கொண்டேன்.

"இல்ல சார்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பாத்ததே இல்ல சார்."

அந்தப் பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, நான் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லை.

"அக்கா" என்றாள். "உங்க கையாலதானேக்கா வாங்கினேன்."

"போதும்மா, ஆளாளுக்குப் பேர் சொல்லாத" என்றார் துறைத்தலைவி. அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. நான் அந்த வரியைத் தட்டச்சு செய்யவில்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலமே கடிதம் போனது. அவள் விடுதி அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு லிஃப்டுக்காக நின்றபோது ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போனார். அவளிடம் என்னமோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பையை அவர் தூக்கிக்கொள்ள, இரண்டு பேரும் படியில் இறங்கிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. விருப்ப ஓய்வுக் கடிதம் தபாலில் வந்தது. எல்லாரும் பெருமூச்சு விட்டு, "பாவம், நல்ல மனுஷன். மனசு கேக்கல" என்றார்கள்.

என் வேலையை அடுத்த மாதம் புதுப்பித்தார்கள். ஜன்னலை ஒட்டிய மேசைக்கு என்னை மாற்றினார்கள். வெளி மாணவர்கள் இப்போது என் பொறுப்பு. கம்ப்யூட்டர் பிரிவு ஒரே நாளில் பாஸ்வேர்ட் கொடுத்துவிடுகிறது. இத்தனை நாள் அது முடியாத காரியமாகவே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் எப்படியோ காலத்தை ஓட்டியிருப்பேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, இந்த மேசையின் விலாசத்துக்கு. அவள் மேல்முறையீடு செய்திருக்கிறாள். முன்னாள் எழுத்தர் ஒருவர் அவளுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆனால் விசாரணையில் அவர் சொன்னதை ஏற்கவில்லை என்பதால் அது மட்டும் போதாது. அலுவலகத்தில் வேறு யாராவது நேரில் பார்த்தவர்கள் இருந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் எழுதி அனுப்பலாம். அனுப்புகிறவரின் பெயர் வெளியே போகாது. வராவிட்டால் தண்டனை உறுதி செய்யப்படும், அதன்மேல் முறையீடு கிடையாது.

அண்ணன் போன் செய்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன்.

"நல்லா இருக்கியாம்மா? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

"இருக்கோம்ணா."

"நோட்டைப் பத்தி நான் எதுவும் எழுதல. எழுதவும் மாட்டேன்" என்றார். "நீ சீட்டு குடுத்ததை மட்டும் எழுதினா போதும். ஒரே வரிம்மா. உன் பேர் வெளிய வராதுன்னு அவங்களே போட்டிருக்காங்க."

"எழுதறேண்ணா" என்றேன்.

"எழுதிடுவேல்ல?"

"கண்டிப்பாண்ணா."

தாளை எடுத்து வைத்தேன். தேதி போட்டேன். பெயர் வெளியே போகாது என்கிறார்கள், போனால் யார் பொறுப்பு என்று யோசித்தேன். துறைத்தலைவி ஜன்னலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தாளைக் கோப்புக்கு அடியில் தள்ளினேன். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். அவரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த ஒரு வரியை எழுதவில்லை.

கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை. இன்று திங்கள். காலையிலிருந்து அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான் எடுக்கவில்லை.